பெயர் ஒன்று, பயிர் இரண்டு

சாயத்தொழிலில் பழகிய நெசவாளர் ஒருவர் அவுரி என்று கூறினால், இலையை நீரில் ஊறவைத்து நீலம் எடுக்கும் செடியையே கருதுகிறார். தூத்துக்குடிப் பக்கத்து மானாவாரி விவசாயி அதே சொல்லைக் கூறும்போதோ, பேதி மருந்துக்காக இலையும் காயும் உலர்த்தப்பெற்று அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியாகும் வேறொரு செடியைக் கருதுகிறார். இரண்டும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அதற்கு மேல் நெருங்கிய உறவில்லை. இலை உலர்ந்து சாக்கில் ஏறியபின், சீட்டில் ‘அவுரி’ என்று மட்டும் இருந்தால் வாங்குபவர் எதை நம்புவது? சரக்கு மாறினால் நஷ்டம் பணத்தோடு நிற்காது. மருந்தாக உண்பவர் உடலையும் அது தொடும்.

மருந்துச் செடிக்கு நிலாவாரை என்றொரு பெயரும் உண்டு. தெலுங்கர் அதனை நேலதங்கேடு என்பர். தங்கேடு என்பது நமது ஆவாரையே. நேல என்பது நிலம். இரு மொழியாரும் ஒரே கண்கொண்டு பார்த்திருக்கின்றனர்!

ஆனால் மொழிகள் எப்பொழுதும் இவ்வாறு கைகோத்துச் செல்வதில்லை. 2023ஆம் ஆண்டினை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது முதல், சிறுதானியங்களின் பெயர்கள் பலர் வாயிலும் அடிபடுகின்றன. நமது சாமைக்கு இந்தியில் குட்கி என்று பெயர். வடநாட்டில் விரத நாட்களில் சமைக்கும் சாமா என்பதோ நமது குதிரைவாலி. ஓசையை நம்பி விதை வரவழைப்பவர் கதிர் வந்த பின்னரே உண்மை அறிவார்.

இலத்தீன் பெயர் ஒன்றே போதும் என்பர் சில அன்பர்கள். லின்னேயஸ் 1753இல் வகுத்த இருசொற் பெயர் முறையின் பயனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அப்பெயர்களும் மாறாதவை அல்ல. காசியா அங்குஸ்டிபோலியா என்று நூல்கள் கூறிவந்த நிலாவாரை, இன்று சென்னா அலெக்சாண்ட்ரினா எனப்படுகிறது. மேலும், களத்தில் நிற்பவர் வாசித்தறியாத பெயரால் களத்தில் என்ன பயன்?

1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு பாகங்களாக வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்னும் நூலில், மலையாளக் கரைச் செடிகளின் படங்களோடு மலையாளம், கொங்கணி, அரபு, இலத்தீன் பெயர்களும் சேர்ந்து அச்சிடப்பட்டன. கொச்சியிலிருந்த டச்சு அதிகாரி வான் ரீடுக்கு இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர் துணை நின்றார். அன்று இயன்றது இன்று நமது சங்கங்களுக்கு இயலாதா?

விதைப் பையிலும் கொள்முதல் சீட்டிலும் விளைவிப்பவர் வழங்கும் பெயர் முதலில் நிற்கட்டும். அடுத்து, சரக்கு எந்த ஊருக்குச் செல்கிறதோ அவ்வூர் மொழிப் பெயர். அதன்பின் தாவரவியற் பெயர், தமிழெழுத்தில். அவுரி போன்றவற்றுக்குச் ‘சாயத்துக்கு’ அல்லது ‘மருந்துக்கு’ என ஒரு சொல்லும் சேர்க்க வேண்டும். பையில் இடமில்லை என்று நிர்வாகிகள் கூறக்கூடும். தங்கள் பெயர்களை அச்சிடும் எழுத்தைச் சற்றே சிறிதாக்கினால் இடம் கிடைத்துவிடும்.