பிள்ளை கணினிக்குக் கற்பிக்கட்டும்

பிள்ளைக்குக் கணினி வாங்கிக் கொடுக்கலாமா, கூடாதா? பெற்றோர் கூட்டத்திலும் கல்யாண வீட்டுப் பேச்சிலும் அடிக்கடி எழும் கேள்வி இது. கொடுத்தால் பிள்ளை கெட்டுவிடும் என்பார் ஒருவர். கொடுக்காவிட்டால் பின்தங்கிவிடும் என்பார் இன்னொருவர். கணினிக்கு முன்னால் இருந்து பிள்ளை என்ன செய்கிறது என்று இருவருமே கேட்பதில்லை.

அதைக் கேட்டவர் சீமோர் பப்பர்ட். தென்னாபிரிக்காவில் பிறந்த கணிதவியலாளர். 1958 முதல் 1963 வரை ஜெனீவாவில் பியாஜேயுடன் பணியாற்றியவர். பியாஜே யாரென்று நம் ஆசிரியைகளைக் கேட்டால் சொல்வார்கள். பிள்ளை, நாம் அறிவை ஊற்றி நிரப்பும் பாத்திரமல்ல, செய்து பார்த்துத் தன் அறிவைத் தானே கட்டியெழுப்புகிறது என்றவர் அவர். அந்தக் கருத்தைக் கணினிக்குக் கொண்டுவந்தார் பப்பர்ட். 1967இல் அவரும் வேறு சிலரும் சேர்ந்து சிறுவர்களுக்கென்றே 'லோகோ' என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். பின்னர் அதில் ஓர் ஆமையும் சேர்ந்தது. முதலில் தரையில் ஊரும் இயந்திர ஆமை, பிறகு திரையில் கோடு வரையும் ஆமை.

“முன்னே 100 போ, வலப்புறம் 90 பாகை திரும்பு” என்று நான்கு முறை கட்டளையிட்டால் ஆமை சதுரம் வரையும். இனி ஒரு சமபக்க முக்கோணம் வரையச் சொல்லுங்கள். அதன் கோணம் 60 பாகை என்று நாம் மனனம் செய்திருக்கிறோம். எனவே 60 என்று எழுதுவோம். முக்கோணம் வராது, மூடப்படாத அரை அறுகோணம் ஒன்றுதான் வரும். உயர்தரத்தில் நாம் படிக்கும் பைதன் மொழியிலும் இந்த ஆமை இருப்பதால் நானும் செய்து பார்த்தேன். எனக்கும் முதல் முறை அரை அறுகோணம்தான் வந்தது. சாதாரண தரத்தில் கணிதத்துக்கு ஏ சித்தி பெற்றவள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது! எழுந்து, நானே ஆமையாகித் தரையில் நடந்து பார்த்தபோதுதான் புரிந்தது. மூலையில் உடம்பு திரும்புவது உட்கோணத்தால் அல்ல, புறக்கோணத்தால். அது 120 பாகை.

பப்பர்ட் விரும்பியது இதைத்தான். இங்கே பிள்ளைதான் ஆசிரியர், கணினி மாணவன். பிழை விட்டால் சிவப்புப் புள்ளடி விழாது, திருத்திப் பார்க்க ஒரு வேலை கிடைக்கும்.

ஆனால் ஆமையை வைத்துவிட்டால் போதும் என்றும் நினைக்க முடியாது. நியூயோர்க்கில் ஓராண்டு லோகோ படித்த பிள்ளைகளை, படிக்காத பிள்ளைகளோடு ரோய் பீ, மிடியன் கேர்லண்ட் என்ற ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். ஒரு வேலையைத் திட்டமிட்டுச் செய்யும் திறனில் இரு சாராருக்கும் வித்தியாசம் இருக்கவில்லை. ஆசிரியர் பக்கத்தில் நின்று, கேள்வி கேட்டு வழிகாட்டிய வகுப்புகளில் நன்மை தெரிந்ததாகப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

பெரு நாட்டு அனுபவமும் அப்படியே. அங்கே கிராமப்புறப் பாடசாலைகளில் பிள்ளைக்கொரு மடிக்கணினி கொடுத்தார்கள். 319 பாடசாலைகளை ஆராய்ந்து 2012இல் வெளியான அறிக்கையின்படி, 15 மாதங்களுக்குப் பிறகும் கணிதத்திலோ மொழியிலோ புள்ளிகள் உயரவில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் மட்டும் சிறிது முன்னேற்றம்.

சின்னஞ்சிறு குழந்தைகளின் விடயம் இன்னும் தெளிவானது. அமெரிக்காவில் பற்றீசியா கூல் என்ற ஆய்வாளர் 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியை 12 அமர்வுகளில் கேட்கச் செய்தார். நேரில் ஒருவர் விளையாடிப் பேசியபோது குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே ஆட்களின் அதே பேச்சை வீடியோவில் பார்த்த குழந்தைகள் எதையும் கற்கவில்லை. இதில் எனக்கு ஆச்சரியமில்லை. குர்ஆன் மத்ரஸாவில் மக்ரஜ் பழகும்போது மௌலவியின் வாயைப் பார்த்து ஓதி, அவர் திருத்தத் திருத்தத்தானே நாமும் கற்றோம்?

ஆனால் நாம் செய்வது என்ன? சோறு ஊட்டும்போது குழந்தையின் கையில் கைத்தொலைபேசியைக் கொடுக்கிறோம். அதே குழந்தை வளர்ந்து தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும்போது, கட்டளைகளைக் கொப்பியில் எழுதி மனனம் செய்யச் சொல்கிறோம். தேவையில்லாத வயதில் திரை, தேவையான வயதில் கொப்பி. பெண்பிள்ளை என்றால் இன்னொரு தடையும் உண்டு. ஸூம் வகுப்பு முடிந்ததும் மடிக்கணினியை மூடிவிட வேண்டும், நானாமாருக்கு அந்தச் சட்டமில்லை. உம்மா வாப்பாவின் பயம் எனக்குப் புரிகிறது. அந்தப் பயத்துக்கு மருந்து மடிக்கணினியை மூடுவதல்ல, பக்கத்தில் வந்து இருப்பது. உங்களுக்குக் கணினி தெரிய வேண்டியதில்லை. “நீ என்ன செய்தாய், காட்டு” என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

தரம் 6இல் படிக்கும் என் தங்கை இப்போது ஐந்து முனை நட்சத்திரம் வரைய முயல்கிறாள். எத்தனை பாகை திரும்ப வேண்டும் என்று இரண்டு நாளாக என்னை நச்சரிக்கிறாள். நான் சொல்லவில்லை. நேற்று உம்மா கூட்டித் துடைத்த தரையில் சோக்கட்டியால் கோடு கீறி, அதன் மேல் நடந்துகொண்டிருந்தாள். உம்மா ஏசவில்லை. “இந்த மூலையில ஏன் மகள் இவ்வளவு திரும்புறீங்க?” என்றுதான் கேட்டார்.