நாள் கூடியது, உறுதி குறைந்தது

நூறு நாள் வேலை என்று மக்கள் அழைக்கும் ஊரக வேலை உறுதித் திட்டத்தை 2005-ஆம் ஆண்டுச் சட்டம் மற்ற நலத்திட்டங்களிலிருந்து வேறுபடுத்தியது ஒரே ஒரு விதியால்தான். வேலை கேட்டவருக்கு 15 நாளுக்குள் வேலை தர வேண்டும். தவறினால் வேலையில்லாப் படி தர வேண்டும். செலவு எவ்வளவு என்பதைத் தேவையே முடிவு செய்யும். 2025 டிசம்பரில் இதற்கு மாற்றாக நிறைவேறிய சட்டம் 125 நாள் வேலை தருவதாகச் சொல்கிறது. ஆனால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒதுக்கீட்டை முன்பே வரையறுத்து, அதைத் தாண்டும் செலவை மாநிலத்தின் தலையில் கட்டுகிறது. கூலி முழுவதையும் மத்திய அரசே ஏற்ற நிலை மாறி, பெரும்பாலான மாநிலங்கள் 40 விழுக்காடு போட வேண்டும்.

வரம்பில்லாத நிதியின் அருமை 2020-21-இல் தெரிந்தது. அந்த ஆண்டு பட்ஜெட்டில் முதலில் ஒதுக்கியது ரூ.61,500 கோடி. ஊரடங்கில் நகரங்களிலிருந்து தொழிலாளர்கள் ஊர் திரும்பியதும் செலவு ஒரு லட்சம் கோடியைத் தாண்டியது. நெருக்கடியில் புதுத் திட்டம் தேட வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சராசரியாகக் கிடைத்தது ஏறத்தாழ 50 நாள்தான். மீதி நாள்களை யாரும் கேட்கவில்லை என்பது அரசுக் கணக்கு. வேலை கேட்டு மனு கொடுத்தவருக்குத் தேதியிட்ட ரசீது தர வேண்டும் என்பது சட்டம். அந்தத் துண்டுச் சீட்டு இருந்தால்தான் படி கோர முடியும். நிதி வராத மாதங்களில் 'வேலை வந்தால் சொல்கிறோம்' என்று வாய்மொழியாக அனுப்பிவிட்டால், கேட்டதற்கே பதிவு இராது. நிதிக்கு வரம்பு கட்டினால் தேவையும் இப்படித்தான் காகிதத்தில் சுருங்கும்.

இத்திட்டத்தால் வயல் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்பது பழைய புகார். நடவு, அறுவடைக் காலங்களில் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கப் புதிய சட்டம் வழி செய்வதும் இதனால்தான். ஒன்றுபட்ட ஆந்திரத்தில் ஸ்மார்ட் கார்டு மூலம் கூலிப் பட்டுவாடாவைச் சீராக்கிப் பொருளாதார அறிஞர்கள் நடத்திய பெரிய ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. அங்கே ஏழைக் குடும்பங்களின் வருமானம் உயர்ந்தது. உயர்வில் பெரும்பகுதி தனியார் வேலையிலிருந்தே வந்தது. தனியார் வேலைவாய்ப்பும் குறையவில்லை. கூலி உயர்வு சிறு விவசாயிக்குச் சுமை என்பது உண்மைதான். அதற்கு விளைபொருளுக்குக் கட்டுபடியாகும் விலை தர வேண்டுமே தவிர, கூலியாளின் மாற்றுவழியை அடைக்கக் கூடாது.

தன் பணமும் கலந்தால்தான் மாநிலம் கண்காணிக்கும் என்ற வாதத்திலும் ஓரளவு நியாயம் உண்டு. போலி வருகைப் பதிவுகள் கற்பனையல்ல. ஆனால் அதற்கான மருந்து, ஊர் மக்களே கணக்கைச் சரிபார்க்கும், பழைய சட்டத்திலேயே இருந்த சமூகத் தணிக்கை. பிகார் போன்ற மாநிலங்களுக்குத்தான் இந்த வேலை அதிகம் தேவை; 40 விழுக்காட்டைப் புரட்டச் சிரமப்படுவதும் அவைதான். ஆகவே மாநில ஒதுக்கீட்டின் வரம்பை நீக்கி, கூலிச் செலவை மத்திய அரசு முழுமையாக ஏற்க வேண்டும். அது இல்லாமல் 125 என்று எழுதினாலும் 200 என்று எழுதினாலும், கையில் கிடைப்பது பணம் இருக்கும்வரை மட்டுமே வேலை.