பிழையல்ல, குற்றம்

மதுரை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் நாளன்று பட்டா மனுவோடு நிற்பவர்களிடம் பேசிப் பாருங்கள். மேலூரோ உசிலம்பட்டியோ, ‘யுடிஆர் பிழை’ என்ற சொல் காதில் விழும். அதை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது வருவாய்த் துறை.

யுடிஆர் என்பது 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம். பழைய பதிவேட்டில் தாத்தா பெயர் இருக்கும். புதியதில் வேறொருவர் பெயர் இருக்கும். கேட்டால், எழுதும்போது கை தவறிவிட்டதாம். கை தவறினால் இரண்டு பக்கமும்தானே தவற வேண்டும்? பண்ணையார் நிலம் தவறிப்போய்ச் சேரிக்காரர் பெயருக்கு வந்த கதையை எந்த ஊரிலாவது கேட்டிருக்கிறீர்களா தோழர்களே?

பஞ்சமி நிலத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கைக்குப் பிறகு, 1892 அரசாணையால் கிடைத்த நிலம் அது. 10 ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். ஆகவே அபகரிப்பவனுக்கு நிலம் மட்டும் போதாது. பதிவேட்டில் ‘டி.சி.’ என்ற இரண்டெழுத்தும் காணாமல் போக வேண்டும். வரப்பை வெட்ட ஆள் கிடைப்பான். ஏட்டை மாற்ற அரசு ஊழியரின் பேனா வேண்டும்.

பொதுப் பதிவேட்டில் போலி செய்தால் 7 ஆண்டு வரை சிறை என்று இந்திய தண்டனைச் சட்டம் 466 சொன்னது. இன்று அது நியாய சன்ஹிதா 337. பட்டியல் சாதியினர் நிலத்தை முறைகேடாக ஆக்கிரமிப்பது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலேயே குற்றம். நில ஆவணத்தைப் புனைவதும் அந்த முறைகேட்டில் அடங்கும் என்று 2016 ஜனவரி 26 முதல் நடப்பில் உள்ள திருத்தம் வெளிப்படையாகவே சொல்கிறது. இருந்தும் நிலத்தை இழந்தவர்தான் தாசில்தாருக்கும் கோட்டாட்சியருக்கும் சிவில் கோர்ட்டுக்குமாக அலைகிறார். 1994இல் காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடிய ஜான் தாமஸையும் ஏழுமலையையும் போலீஸ் சுட்டுக் கொன்றது. நிலத்தைக் கேட்டவர்களுக்கு அந்தக் கதி; ஏட்டைத் திருத்தியவருக்கு ஓய்வூதியம்.

மனு எழுதிக் கொடுக்கும் தோழர்கள் இனி ‘பிழை திருத்தம் கோருதல்’ என்று பொருள் போடாதீர்கள். பழைய பதிவேட்டின் நகலையும், மாற்றத்துக்கான உத்தரவையும், அதில் கையெழுத்திட்டவர் யார் என்பதையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கிடைத்ததைக் காவல் நிலையத்தில் புகாராகக் கொடுங்கள். சிஎஸ்ஆர் ரசீதோடு அனுப்பிவிடப் பார்ப்பார்கள். வன்கொடுமை வழக்கில் எஃப்ஐஆர் பதிய முன்விசாரணை தேவையில்லை என்னும் 18ஏ பிரிவை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.