ஜுரத்துக்கு விடுப்பு, ஊருக்குக் காப்பு

தென்மேற்குப் பருவமழை ஜூன் மாதத் துவக்கத்தில் கேரளக் கரையை எட்டி, ஜன்னல்கள் அடைபட்டு, ஈரக்குடையும் கையுமாக ஜனங்கள் பஸ்ஸிலும் லிஃப்டிலும் நெருக்கியடித்து நிற்கும் நாட்களிலேதான், இன்ஃப்ளுயென்சா என்னும் ஃப்ளூ ஜுரம் இப்பிரதேசத்தில் வருஷந்தோறும் தலைதூக்குகிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகமும், 1984-இல் தோன்றிய ஏற்றுமதி மண்டலமும், 2004-இல் துவங்கிய இன்ஃபோபார்க் என்னும் கணினித் தொழிற்பேட்டையும் ஒருங்கே அமைந்த கொச்சியின் காக்கநாட்டில், காலையில் வந்து மாலையில் திரும்பும் ஜனத்திரளைக் காணும்போது ஒரு கேள்வி எழாமலிராது. நோயுற்றவர் வீட்டில் இருக்கவேண்டும் என்று உபதேசிக்கும் நாம், அவர் அப்படி இருப்பதற்கு வழி செய்திருக்கிறோமா?

இந்த நோயின் சுபாவம் வைத்திய சாஸ்திரத்துக்கு நன்றாகத் தெரிந்ததே. இருமலிலும் தும்மலிலும் பேச்சிலும் தெறிக்கும் நுண்துளிகளாலும், அவை படிந்த கை மூக்கையும் வாயையும் தொடுவதாலும் அது பரவுகிறது. நோய்க்குறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கி, ஜுரங்கண்ட முதல் மூன்று நான்கு தினங்களில் உச்சத்தை அடைகிறது. சோப்பினால் கை கழுவுதல், முகக்கவசம், திறந்த ஜன்னல், ஆண்டுதோறும் தடுப்பூசி ஆகியவை நம்மைக் காப்பவை. ஊசி பலன் தர இரண்டு வார காலம் பிடிக்குமாதலால், வடதேசத்தார் குளிர்காலத்தை உத்தேசித்துப் போட்டுக்கொள்வது போலன்றி, நாம் மழைக்கு முன்பாகவே போட்டுக்கொள்வது உசிதம். ஆயினும் ஊரைக் காக்கும் பிரதான உபாயம், அந்த முதல் நாட்களில் நோயாளி பிறரை விட்டு விலகியிருப்பதுதான்.

சரித்திரமும் இதையே உணர்த்துகிறது. 1957 மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பலொன்றில் ஜுரங்கண்ட பிரயாணிகள் இருந்தனர். அவர்களுக்குப் பணிவிடை செய்த தாதிகளும் விரைவில் நோயில் விழுந்தனர். மறு ஆண்டு பிப்ரவரிக்குள் தேசமெங்கும் ஏறக்குறைய 44 லட்சம் பேருக்கு நோய் கண்டதாகவும், ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டதாகவும் பதிவாயிற்று. பிழைப்புக்காகப் பிறரை நெருங்கியே தீரவேண்டியவரைத்தான் இந்நோய் முதலில் பற்றுகிறது. அவர் மூலமாகவே ஊருக்குள்ளும் நுழைகிறது.

பெரிய அலுவலகக் கட்டடமொன்றின் வாசலில் நிற்கும் காவலாளியை எண்ணிப் பாருங்கள். வருகிறவர் ஒவ்வொருவரும் பெயரெழுதும் நோட்டுப் புத்தகமும், நூலால் கட்டிய பேனாவும் அவர் மேஜைமேல் இருக்கின்றன. அந்தப் பேனா காலை முதல் மாலை வரை கை மாறிக்கொண்டே இருக்கிறது. ஒப்பந்தக் கூலியான அவருக்கு ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் சம்பளம் போயிற்று. ஆகவே, பாராசிட்டமால் மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு நாற்காலிக்கு வந்துவிடுகிறார். இரவில் அவர் திரும்புவதோ, பலர் பாய் விரித்துப் படுக்கும் ஒரே அறைக்கு. இவரைப் பொறுப்பற்றவர் என்று பழிப்பது நியாயமாகாது.

சட்டம் அவரை அடியோடு மறந்துவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. 1948-ஆம் வருஷத்து ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின்கீழ், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கு, நோயுற்ற காலத்தில் ஊதியத்தில் 70 சதவீதம், வருஷத்தில் 91 நாட்கள் வரை கிடைக்கும் என்று ஏற்பாடு செய்யப்பட்டது. ஆனால், பொதுவாக நோயின் முதல் இரண்டு நாட்களுக்கு அந்த உதவி இல்லை என்பதும் அதே ஏற்பாடுதான். இந்த விதி, ஃப்ளூவின் விஷயத்தில் காப்புக்கு நேர்மாறாக வேலை செய்கிறது. எந்த நாட்களில் நோய் மிகுதியாகப் பரவுமோ, அந்த நாட்களிலேயே தொழிலாளியை வேலைக்குத் துரத்துகிறது.

முதல் நாளிலிருந்தே சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்தால் பொய் ஜுரங்கள் பெருகும் என்று முதலாளிமார் அஞ்சக்கூடும். அந்த அச்சத்தில் சிறிது உண்மை இருக்கலாம். ஆயினும் மெய்யான ஜுரத்தோடு வேலைக்கு வரும் ஒருவரால் ஒரு பிரிவே படுத்துவிடும் நஷ்டம் அதனினும் பெரிது. 2025 ஆகஸ்டில் பக்கத்துக் களமசேரியில், கொச்சிப் பல்கலைக்கழக விடுதி மாணவர்களுக்கு எச்1என்1 வகை ஃப்ளூ கண்டபோது, வளாகத்தையே சில தினங்கள் மூட நேர்ந்ததே! கணினியில் பணிபுரிவோர் வீட்டிலிருந்தே வேலையை நடத்த முடியும் என்பதைக் கொரோனா காலம் ஐயமற நிரூபித்துவிட்டது. ஜுரம் வந்தவருக்கு அந்த ஏற்பாட்டை மறுப்பதற்கு இனி முகாந்திரமில்லை.

ஆகவே, மழைக்காலத்திலேனும் ஜுரத்தின் முதல் மூன்று நாட்களுக்கு, டாக்டர் சான்று கேளாமல், ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட யாவருக்கும் முழுச் சம்பளத்துடன் விடுப்பு அளிக்கப்படவேண்டும். காப்பீட்டு விதியிலுள்ள அந்த இரண்டு நாள் விலக்கு நீக்கப்படவேண்டும். மே மாதத்திலேயே முதியோர், கர்ப்பிணிகள், சர்க்கரை, ஆஸ்துமா, இருதய நோயுள்ளோர் ஆகியோருக்குத் தடுப்பூசி அவர்கள் வாழுமிடத்துக்கே வந்து சேரவேண்டும். கைகழுவுதல் தனிமனிதன் கடமை என்று சொல்லும் உரிமை, இவற்றைத் தங்கள் கடமையாக ஏற்றுச் செய்யும் சர்க்காருக்கும் நிறுவனங்களுக்குமே உண்டு.