படிப்பு கூடிப்போனது யார் குற்றம்?

போன தவணைப் பரீட்சை முடிந்த கையோடு பத்தாம் தரத்து மாணவன் ஒருவன் பாடசாலைக்கு வருவதை நிறுத்திவிட்டான். விசாரிக்க லயத்துக்குப் போனேன். கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு ஆள் கேட்டிருக்கிறார்களாம். பையைக் கட்டி வைத்திருந்தான்.

"சாதாரண தரத்தையாவது எழுதிட்டுப் போயேன்டா" என்றேன்.

"எங்க அக்கா டிகிரி முடிச்சிட்டு ரெண்டு வருசமா வீட்டுலதானே டீச்சர் இருக்கா?" என்றான்.

அக்கா அடுப்படியில்தான் நின்றாள். தலையைத் தூக்கவில்லை. எனக்கும் உடனே பதில் வரவில்லை. ஏனென்றால், ஒரு காலத்தில் அந்த அடுப்படியில் நின்றவள் நான்.

பட்டம் வாங்கிய பிறகு மூன்று வருடம் வேலை தேடினேன். வெள்ளிக்கிழமை வர்த்தமானி பார்ப்பது, தபாலகத்தில் பரீட்சைக் கட்டணம் கட்டி பற்றுச்சீட்டை ஒட்டுவது, கிராம உத்தியோகத்தரிடம் நற்சான்றிதழுக்கு அலைவது என்று நாட்கள் போயின. அரச வேலை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. டவுனில் ஒரு நிறுவனத்தில் காசாளர் வேலைக்குப் போனேன். சான்றிதழைப் புரட்டிப் பார்த்தவர், "நீங்க டிகிரி முடிச்சவங்க. இங்க நிக்க மாட்டீங்க" என்று கோவையை மூடித் தந்துவிட்டார்.

அடுத்த இடத்தில் பட்டத்தை மறைத்தேன். உயர்தரச் சான்றிதழை மட்டும் காட்டினேன். "அதுக்குப் பிறகு இத்தனை வருசம் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்கள். "வீட்டில சும்மா இருந்தேன்" என்றேன். அம்மா மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்தெடுத்து, தோட்டை அடகு வைத்து என்னைப் படிக்கவைத்த வருடங்கள் அவை. அவற்றைச் சும்மா இருந்த வருடங்கள் என்று என் வாயாலேயே சொன்னேன். அந்த வேலையும் கிடைக்கவில்லை.

கிடைத்திருக்கக்கூடிய ஒன்று கடிதத்தோடு போனது. லயத்து வீட்டுக்கு இலக்கமில்லை, தெருவில்லை. தோட்டத்தின் பெயரும் டிவிசன் பெயரும்தான் முகவரி. நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் ஆபீசில் கிடந்து, என் கைக்கு வந்தபோது நாள் கடந்து இரண்டு நாள்.

பிறகு மலையகப் பாடசாலைகளுக்கு உதவி ஆசிரியர்களை எடுத்தார்கள். கேட்ட தகுதி உயர்தரம். நான் பட்டத்தோடு போய்ச் சேர்ந்தேன். ஆரம்பத்தில் மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. அப்போது தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 450 ரூபா. மாதத்தில் 25 நாள் பேர் விழுந்தால் அம்மாவுக்கு 11,250. பட்டதாரி மகளுக்கு அதில் பாதியைவிடச் சற்றுக் கூட. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் லயமே கணக்குப் பார்த்தது.

தோழர்களே, இது என் ஒருத்தியின் கதையாக இருந்தால் இங்கே எழுதமாட்டேன். இன்றைக்கும் நம் பிள்ளைகள் இரண்டு கதவுக்கு நடுவில் நிற்கிறார்கள். சிறிய வேலைக்குப் போனால் படிப்பு கூடிப்போச்சு என்கிறார்கள். பெரிய வேலைக்குப் போனால் ஆங்கிலம் போதாது, சிங்களம் போதாது, அனுபவம் இல்லை என்கிறார்கள். ஒரே பிள்ளை எப்படி ஒரே சமயத்தில் கூடவும் குறையவும் இருக்கமுடியும்?

"கலைப் பிரிவு படிச்சா அப்படித்தான்" என்பவர்களும் உண்டு. நமது பாடசாலைகளில் பெரும்பாலானவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே கிடையாது. இருந்த பாடத்தைத்தான் பிள்ளை படித்தது.

வேலை தருகிறவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. நல்ல வேலை வந்தால் நான் அந்தக் காசாளர் வேலையை விட்டுத்தான் போயிருப்பேன். அதற்கு வழி ஒப்பந்தம். ஒரு வருடம் நிற்கவேண்டும் என்று எழுதி வாங்கட்டும். படித்ததற்காகக் கதவைச் சாத்துவது வழியல்ல.

அரசாங்கத்தின் குற்றம் இதைவிடப் பெரிது. பட்டதாரிகளை வருடா வருடம் ஒழுங்காக எடுப்பதில்லை. 2020 இல் செய்ததுபோல ஒரேயடியாக ஆயிரக்கணக்கில் எடுக்கிறார்கள், பிறகு வருடக்கணக்கில் பேச்சில்லை. 2022 நெருக்கடிக்குப் பிறகு ஆட்சேர்ப்புக்கே கட்டுப்பாடு வந்தது. பல பதவிகளுக்கு வயதெல்லை 35. காத்திருக்கும்போதே அந்த வயதும் ஓடிவிடுகிறது.

இத்தனைக்கும் நம் மலையில் வேலை இல்லையா? 13 ஆவது திருத்தத்தோடு 1987 இலேயே தமிழும் அரச கரும மொழியானது. ஆனாலும் பிரதேச செயலகத்துக்கோ பொலிசுக்கோ போகும் நம் அம்மாமார், சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் இன்றும் போகவேண்டியிருக்கிறது. அந்த மேசைக்குப் பின்னால் தமிழ் தெரிந்த ஓர் உத்தியோகத்தர் இல்லை. இங்கே தமிழ் தெரிந்த பட்டதாரி அடுப்படியில் நிற்கிறாள். நம் பிள்ளைகளின் படிப்பு கூடிப்போகவில்லை. அந்தப் படிப்பை இருத்திவைக்கவேண்டிய கதிரை காலியாகக் கிடக்கிறது.

சம்பளத்துக்காகப் போராடும் சங்கம் இதையும் கையில் எடுக்கவேண்டும் என்பதே என் கருத்து. சந்தா கட்டும் அம்மாவின் உழைப்பில் பாதி இந்தப் படிப்பில்தான் போயிருக்கிறது. முதலில் ஒவ்வொரு தோட்டக் கிளையிலும் உயர்தரமும் பட்டமும் முடித்து வேலையில்லாமல் இருப்பவர்களின் பெயரைப் பதியவேண்டும். எத்தனை பேர் என்று தெரியாமல் எந்த அமைச்சரிடம் போய்ப் பேசுவது? தோட்ட ஆபீசுக்கு வரும் கடிதம் அன்றைக்கே வீட்டுக்குப் போகவேண்டும், ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கம் வேண்டும் என்று தலைவர்மார் துரையிடம் எழுத்தில் கேட்கவேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை.

தோட்டத்திலேயே கிளாக்கர், நலன்புரி உத்தியோகத்தர், பிள்ளை பராமரிப்பு நிலைய உத்தியோகத்தர் வேலைகள் காலியாகின்றன. தகுதியுள்ள தோட்டத்துப் பிள்ளைக்கு முதலிடம் தரவேண்டும், பட்டம் இருப்பதைத் தள்ளிவைக்கக் காரணமாக்கக்கூடாது என்று கம்பனிகளோடு பேசும் மேசையில் வைக்கவேண்டும். வருடாந்த ஆட்சேர்ப்பையும், தமிழ்மொழி மூல வெற்றிடங்களை நிரப்புவதையும் மேலிடம் கேட்கவேண்டும்.

பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறேன். "படிச்சு என்னத்தக் கண்ட?" என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி போகவேண்டிய இடம் வேறு.

அந்தப் பையன் கொழும்புக்குப் போய்விட்டான். என்னால் நிறுத்த முடியவில்லை. அவன் தங்கை ஏழாம் தரத்தில் என் வகுப்பில் இருக்கிறாள், கெட்டிக்காரி. இன்னும் மூன்று வருடத்தில் அவளும் அதே கேள்வியைக் கேட்பாள். அப்போது நானும் நீங்களும் அவள் அக்காவைக் காட்டித்தான் பதில் சொல்லவேண்டும். அந்த அக்கா எங்கே நிற்கப்போகிறாள் என்பதற்காகத்தான் இப்போதே கிளைக்கூட்டத்துக்கு வாருங்கள் என்கிறேன்.