பேனரைப் பார்த்தா, பட்டறையைப் பார்த்தா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு கல்லூரி வாசல்களில் பேனர்கள் முளைத்துவிடும். லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கப்போகும் மாணவரின் முகம் அதில் சிரிக்கும். உற்பத்திப் பொறியியல் படிக்க வருபவருக்கு அந்தப் பேனரால் காலணாவுக்குப் பிரயோசனமில்லை. எந்தப் பிரிவில் படித்தாலும் ஐடி கம்பெனிக்குப் போனவர்களையும் சேர்த்துத்தான் பிளேஸ்மென்ட் கணக்குக் காட்டப்படுகிறது. இந்தப் பிரிவில் படித்தவர்களில் எத்தனை பேர் ஆலைக்குள் வேலைக்குப் போனார்கள் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

மெக்கானிக்கல் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடம் என்று இந்தப் படிப்பை நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது சரியல்ல. ஒரு பம்ப்பை வடிவமைப்பது ஒரு வேலை. அதே பம்ப்பை ஆயிரக்கணக்கில், ஒன்றுக்கொன்று அளவு பிசகாமல், கட்டுப்படியாகும் செலவில் செய்து முடிப்பது வேறு வேலை. கேட் தேர்வில் இதற்குத் தனித் தாளே உண்டு. ஆனால், சில வேலை அறிவிப்புகள் மெக்கானிக்கல் என்று மட்டும் குறிப்பிடும். அரசு வேலையைக் குறிவைப்பவர்கள் அதை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

கிண்டி பொறியியல் கல்லூரியில் இந்தப் படிப்புக்குப் பெயர் மேனுஃபேக்சரிங். திருச்சி என்ஐடியிலும் கோவை பிஎஸ்ஜியிலும் புரொடக்‌ஷன். திருச்சிக்கு ஜேஇஇ மெயின் எழுத வேண்டும். மற்ற இரண்டுக்கும் கலந்தாய்வு கட்ஆஃப்தான்: கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50.

நாக் சான்று கல்லூரி முழுமைக்குமானது. என்பிஏ அங்கீகாரமோ ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனி. முகப்பில் நாக் தரத்தைப் பார்த்ததும் நிம்மதியடைகிற பெற்றோர், சேரப்போகும் பிரிவுக்கு என்பிஏ இருக்கிறதா என்று கேட்க மறந்துவிடுகிறார்கள்.

பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரி 1951இல் தொடங்கியது. அதற்கு முன்பே அந்த வளாகத்தில் மோட்டாரும் பம்ப்பும் செய்யும் தொழிற்கூடம் ஓடிக்கொண்டிருந்தது. ஆலையை ஒட்டிப் பிறந்த கல்லூரி! அந்த வாய்ப்பு எல்லோருக்கும் அமையாது. அதனால்தான் சேரும் முன் ஒர்க்‌ஷாப்பை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டியிருக்கிறது.

லேத்துக்குக் கீழே உள்ள தட்டில் இரும்புச் சுருள் கிடந்தால், கூலன்ட் வாடை மூக்கைத் துளைத்தால் அது வேலை நடக்கிற இடம். தரை பளபளவென்று இருந்து, சிஎன்சி மிஷின் உறையைப் போர்த்திக்கொண்டு நின்றால் சந்தேகப்படலாம். மைக்ரோமீட்டர் மாணவர் கையில் இருக்கிறதா, பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறதா? ஒரு மிஷினைச் சுற்றி எத்தனை பேர்? பதினைந்து பேர் எட்டிப் பார்க்க ஒருவர் மட்டும் கைப்பிடியைத் திருப்பினால், மற்றவர்களுக்கு மிஞ்சுவது ரெக்கார்டு நோட்டில் வரைந்த படம்தான்.

இதையெல்லாம் முதல்வர் அறையில் கேட்பதைவிட ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டரிடம் கேட்பதே மேல். மிஷின் கடைசியாக எப்போது பழுதானது, யார் சரிசெய்தார்கள் என்று கேட்டதும் யோசிக்காமல் பதில் சொல்கிறாரா? விருப்பப் பட்டியலில் அந்தக் கல்லூரியை இரண்டு இடம் மேலே ஏற்றலாம்.