போஜன மேஜையில் பிறந்த துதி

ஆவிக்குரிய போராட்டம் என்றவுடனே நம்முடைய கன்வென்ஷன் பந்தல்களில் முழங்குவது யுத்த பாஷைதான். எபேசியருக்கு எழுதிய நிருபத்திலே பவுல் அப்போஸ்தலன் விவரித்த சர்வாயுதவர்க்கமும், யோசபாத் ராஜா தன் சேனைக்கு முன்பாகப் பாடகரை நடக்கவிட்ட வரலாறும் ஒலிபெருக்கியில் அதிர்ந்து ஓய்ந்த பின், துதித்தால் சத்துரு ஓடுவான், கடன் தீரும், வியாதி விலகும் என்று வட்டிக் கணக்குப்போலச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கு எனக்கு உடன்பாடில்லை. ஜெர்மானிய சபை குரு ஒருவரின் ஜீவியத்தை அறிந்தவர் எவருக்கும் உடன்பாடாக இராது என்றே எண்ணுகிறேன்.

மார்ட்டின் ரிங்கார்ட் 1586-ல் சாக்ஸனி நாட்டு ஐலன்பர்க் பட்டணத்தில் பிறந்து, 1617-ல் அதே ஊருக்குக் குருவாகத் திரும்பி வந்தவர். மறு வருஷமே முப்பதாண்டு யுத்தம் மூண்டது. மதில் சூழ்ந்த ஊராதலால் சுற்றுப்புறத்துக் கிராமத்தார் எல்லாரும் அங்கே அடைக்கலம் தேடி நெருங்கிக் கிடக்க, 1637-ல் கொள்ளைநோய் உள்ளே புகுந்தது. உடன் ஊழியருள் ஒருவர் ஊரை விட்டுப் போனார். இருவரை ரிங்கார்ட்டே அடக்கம் செய்தார். அதன்பின் நாளொன்றுக்கு 40, 50 சவங்களுக்கு அவர் ஒருவரே அடக்க ஆராதனை நடத்த நேர்ந்தது. அந்த வருஷத்தில் அவர் மண்ணுக்கு ஒப்புக்கொடுத்தவர்கள் 4,000-க்கு மேற்பட்டவர்கள். அவர்களில் ஒருத்தி அவருடைய மனைவி. நோயைத் தொடர்ந்து வந்த பஞ்சத்திலோ, செத்த பூனைக்கும் காகத்துக்கும் ஜனங்கள் வீதியில் அடித்துக்கொண்டார்களாம். பசித்தவர்களுக்கு இருந்ததைக் கொடுத்துவிட்டு, தம் பிள்ளைகளுக்காக வருங்கால வருமானத்தையே அடகு வைத்தார் அந்த மனிதர்.

‘நுன் டாங்கெட்’ என்று தொடங்கும் உலகப் பிரசித்தமான நன்றிப்பாட்டு இவர் எழுதியதே. பிணக்குவியலின் நடுவிலே பிறந்த பாட்டு என்று பிரசங்கிகள் சொல்லுவது கேட்க உருக்கமாயிருக்கிறது. ஆனால் அது கொள்ளைநோய்க்கு முந்தியது, வீட்டார் உண்டெழுந்த பின் சொல்லும் போஜன ஜெபமாக எழுதப்பட்டது என்பதே ஆராய்ந்தவர்களின் கருத்து. உருக்கம் குறைந்த இந்தச் செய்திதான் என்னை அதிகம் அசைக்கிறது. போர்க்களத்தில் திடீரென்று வடித்த ஆயுதமன்று அது. ரொட்டியும் கஞ்சியும் இருந்த சாதாரண நாட்களில், பிள்ளைகளின் நாவில் பழகிப்போன வார்த்தை. சோதனை வந்தபோது புதிதாய்த் தேடவேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பாட்டின் முதற் சரணம் நன்றி செலுத்துகிறது. இரண்டாம் சரணமோ சமாதானத்தையும் துன்பத்தினின்று விடுதலையையும் கேட்டு மன்றாடுகிறது. துதிக்கிறவன் முறையிடக்கூடாதென்று அதை எழுதியவர் நினைக்கவில்லை. சங்கீத புஸ்தகமும் அப்படித்தான்: எபிரெயர் அதற்கு வைத்த பெயர் ‘துதிகள்’ என்பது, ஆயினும் 150 சங்கீதங்களில் பிரலாபங்களுக்குக் குறைவில்லை, 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிந்தும் போகிறது. துக்கவீட்டில் போய், அழாதே, ஸ்தோத்திரம் சொல்லு என்று அதட்டுகிற நம்மவர்கள் அந்தச் சங்கீதத்தை எப்படி வாசிக்கிறார்களோ, தெரியவில்லை.

யுத்தம் 1648-ல் முடிந்தது. ரிங்கார்ட் 1649-ல் மரித்தார். ஆனால் என் மனம் அந்த 1637-ஆம் வருஷத்து வீட்டிலேயே தங்கிவிடுகிறது. மேஜையில் தாயின் இடம் வெறுமையாயிருக்கும். பகலெல்லாம் கல்லறைத் தோட்டத்தில் நின்று, குரல் கம்மிப்போய் வந்த தகப்பன், இருந்த கொஞ்சத்தைப் பங்கிட்டு வைத்திருப்பார். உண்டு முடித்ததும் பிள்ளைகள் வழக்கம்போல அந்த ஜெபத்தைத் தொடங்கியிருப்பார்கள், தாயிடம் அவர்கள் கற்றிருக்கக்கூடிய அதே இராகத்தில்.